மார்த்தா அன்பியத்துப் பெயர்கள்

ரெபேக்காவுக்கு முழுதாகத் தெரிந்த இயந்திரம் ஒன்றே ஒன்று, அவளுடைய ஜெராக்ஸ் மெஷின். மூடியைத் தூக்கிக் கண்ணாடி மேல் தாளைக் குப்புற வைக்க வேண்டும். மூடியை அழுத்திப் பொத்தானைத் தட்டினால் வெளிச்சம் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓடும். பக்கவாட்டில் நகல் சூடாக வந்து விழும். பிறகு கண்ணாடி மேலிருக்கும் தாளை எடுத்துவிட்டு அடுத்த தாளை வைக்க வேண்டும். இதை அவள் தூக்கத்தில்கூடச் செய்வாள். பேப்பர் சிக்கிக்கொண்டால் எந்தக் கதவைத் திறந்து எந்தப் பக்கமாக இழுக்க வேண்டும் என்பதும், மழைக்காலத்தில் தாள் நமத்துப்போனால் என்ன செய்ய வேண்டும் என்பதும் அவளுக்கு அத்துப்படி.

சோமனூரில் தறிச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்தவள் என்பதால் அவளுக்கு மெதுவாகப் பேச வராது. கல்யாணமாகிச் சிங்காநல்லூர்ப் பக்கம் வந்த புதிதில் மாமியார் வீட்டில் அவள் சாதாரணமாகப் பேசியதையே சண்டை என்று நினைத்தார்களாம். கணவர் ஞானமுத்து பஞ்சாலையில் இருந்தார். ஆலையை மூடியபோது கைக்கு வந்ததைக்கொண்டு, திருச்சி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெருமுனையில் ஒரு கடை பிடித்து, பழைய ஜெராக்ஸ் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டார். மூன்றாம் வருடம் அவர் நெஞ்சுவலியில் போய்விட்டார். அதற்குப் பிறகு கடை ரெபேக்காவுடையது. பலகையில் மட்டும் மகன் பேர்: மெல்வின் ஜெராக்ஸ்.

மெல்வின் வளர்ந்து டிப்ளமோ முடித்ததும் கடைக்குள் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அன்றைக்கே தொழிலும் இரண்டாகப் பிரிந்துகொண்டது. தாளாக வருவதெல்லாம் அம்மாவுக்கு, ஆன்லைன் என்று வருவதெல்லாம் மகனுக்கு. வருமானச் சான்று, பரீட்சை விண்ணப்பம், பட்டா, ரயில் டிக்கெட் எல்லாவற்றையும் அவன் உட்கார்ந்த இடத்திலேயே முடித்துவிடுவான். இருகூர்ப் பக்கத்திலிருந்து நஞ்சுண்டன் என்ற விவசாயி அடிக்கடி வருவார். தோட்டத்துச் சிட்டாவை அவருடைய போனிலேயே இறக்கிக் கொடுத்தாலும், "எல்லாஞ் செரி கண்ணு, கையில புடிக்கிறாப்ல ஒண்ணு குடு" என்று நிற்பார். மெல்வின் சிரித்துக்கொண்டே அம்மா பக்கம் கையைக் காட்டுவான். "அந்த டிபார்ட்மெண்ட் அவங்களுதுங்க."

ஒரு வருடம் மார்ச் மாதம், வேலை விஷயமாக அவிநாசிப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது, நீலாம்பூர் பைபாஸில் மெல்வினுடைய பைக்கை ஒரு லாரி தட்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து ரெபேக்கா கடையைத் திறந்தாள். கம்ப்யூட்டர் மேல் பூப்போட்ட பழைய போர்வை ஒன்றைப் போட்டு மூடினாள். ஆன்லைன் வேலையென்று யாராவது வந்தால் எதிர்வரிசையில் இருக்கும் ஜாவித் கடையைக் காட்டுவாள். ஜாவித் மெல்வினோடு ஒன்றாகப் படித்தவன். கம்ப்யூட்டரை விற்றுத் தரட்டுமா என்று அவன் ஒருமுறை கேட்டான். இருக்கட்டும் என்றாள். அதற்கு மேல் அவனும் கேட்கவில்லை.

கடைக்கு வெளியே ரெபேக்காவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பங்குக் கோவிலில் பத்துப் பதினைந்து தெருக்களைப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு புனிதரின் பேரை வைத்து, அன்பியம் என்று அமைத்திருந்தார்கள். மாதம் ஒருமுறை யாராவது ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வார்கள். ரெபேக்கா இருந்த பகுதிக்குப் புனித மார்த்தா அன்பியம் என்று பேர். அதன் தலைவி அவள்தான். முப்பதுக்கும் மேற்பட்ட வீடுகள். பாதி வீடுகளில் வயதானவர்கள் மட்டுமே இருந்தார்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ இருந்தார்கள். காய்ச்சல் வந்தால் கூப்பிடுவதும் அவளைத்தான், சாவு விழுந்தால் கூப்பிடுவதும் அவளைத்தான்.

தலைவிக்கு உள்ள வேலைகளில் பெரியது நவம்பர் இரண்டாம் தேதிக்கானது. அன்றைக்குக் கல்லறைத் திருநாள். சாயங்காலம் கல்லறைத் தோட்டத்திலேயே பூசை நடக்கும். பூசையின் நடுவில் அன்பியம் அன்பியமாக இறந்தவர்களுடைய பெயர்களைச் சாமியார் மைக்கில் வாசிப்பார். தங்கள் வீட்டுப் பேர் வரும்போது சனங்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்கள். சிலர் அந்த ஒரு நொடிக்காகவே ஊர் விட்டு ஊர் வருவார்கள். அந்தப் பெயர்களை வீடு வீடாகப் போய் வாங்கிக் கொடுக்க வேண்டியது தலைவியின் பொறுப்பு.

அந்த வருடம் மெல்வினுக்கு முதல் கல்லறைத் திருநாள். இவ்வளவு காலம் ஊருக்கெல்லாம் பேர் சேகரித்துக் கொடுத்தவள், இந்த முறை தன் பிள்ளையின் பேரும் அந்த வரிசையில் ஒன்றாக, மற்றவர்களுடைய பெயர்களுக்கு நடுவில் ஒலிக்கக் கேட்கப்போகிறாள். அவனுக்காக இனிமேல் செய்யக்கூடியது வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. அதனால் அக்டோபர் பிறந்ததிலிருந்தே அவள் மனம் அந்த நாளின்மேல்தான் இருந்தது.

முன்பெல்லாம் படிவம் தாளாகத்தான் இருந்தது. பங்கு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் தம்பிதுரை கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு ஒரு படிவம் செய்து வைத்திருந்தார். அன்பியத்தின் பேர், குடும்பத்தின் பேர், இறந்தவரின் பேர், இறந்த நாள் என்று நான்கு கட்டங்கள், கீழே கையெழுத்து. ரெபேக்கா அதை நகல் எடுத்துத் தெருவுக்குள் கொண்டுபோவாள். கட்டத்துக்குள் அடங்காததைச் சனங்கள் ஓரத்தில் எழுதுவார்கள். இறந்த நாள் தெரியாதவர்கள் "ஆடி மாசம்" என்று எழுதுவார்கள். சிலர் தாளைப் போனில் படம் பிடித்துத் தம்பிதுரைக்கு அனுப்பி வைப்பார்கள். அது தலைகீழாக வரும், நிழல் விழுந்து வரும். எல்லாவற்றையும் அவர் ஒரு வாரம் உட்கார்ந்து தட்டச்சு செய்வார். போன வருடம் அப்படித் தட்டியதில் ஒரு குடும்பத்தின் பேர் தவறிப்போய், அவர்கள் கல்லறையிலேயே சத்தம் போட்டுவிட்டார்கள்.

புதிதாக வந்திருந்த பிராங்க் சாமியார் இதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்தார். கோவில் காரியங்களைப் பேசி முடிவு செய்யும் பங்குப் பேரவைக் கூட்டத்தில் இரண்டு வழிகளை வைத்தார். ஒன்று, அதே படிவத்தைப் போனிலும் கம்ப்யூட்டரிலும் நிரப்பும்படியான கோப்பாகச் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது. வேண்டியவர்கள் அச்செடுத்துக் கையாலும் எழுதலாம். இன்னொன்று, இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து அதன் லிங்க்கை மட்டும் அனுப்புவது. அதில் அவரவரே பேரைப் போட்டு அனுப்பினால் பட்டியல் தானாக உருவாகிவிடும், தம்பிதுரை தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

கூட்டத்தில் பேச்சு நீண்டது. கோப்பாக இருந்தால் பாதியில் நிறுத்தி, அண்ணனிடம் கேட்டு, தங்கையிடம் காட்டி, நாளைக்கு முடிக்கலாம். கையிலும் ஒரு பிரதி நிற்கும் என்றார் ஒருவர். இளைஞர் அணிப் பையன்கள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கோப்பு எல்லாப் போனிலும் ஒழுங்காகத் திறக்காது, சில போனில் எழுதியது சேமிக்கப்படாமலே போய்விடும், கடைசியில் மறுபடியும் தாளும் தலைகீழ்ப் படமும்தான் வரும் என்றார்கள். லிங்க் என்றால் எந்தப் போனிலும் திறக்கும், எந்தக் கட்டத்தையும் விட்டுவிட்டால் அதுவே கேட்கும் என்றார்கள். நெட் இல்லாத வீட்டில் என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். பக்கத்து வீட்டில் நெட் இருக்குமே என்று யாரோ சொன்னார்கள்.

சாமியார் அன்பியத் தலைவிகளின் பக்கம் திரும்பினார். தெருவுக்குள் போகிறவர்கள் அவர்கள்தான், அவர்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும் என்றார். ரெபேக்காவுக்குத் தாள் என்று சொல்ல வாய் வந்தது. நஞ்சுண்டனின் ஞாபகமும் வந்தது. அவள் எழுந்திருப்பதற்குள் பேரவையின் பொருளாளர் இன்னாசிமுத்து சிரித்துக்கொண்டே முந்திவிட்டார்.

"ரெபேக்காம்மாகிட்டயா கேக்கறீங்க சாமி? அவங்க தாளுன்னுதான் சொல்லுவாங்க. ஜெராக்ஸ் கடை யாருது?"

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லப்பட்டதல்ல. இன்னாசிமுத்து மெல்வினுடைய சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர். ஆனாலும் ரெபேக்காவுக்கு முகம் சூடாகிவிட்டது. செத்தவர்களுடைய பேரில் தான் நகலுக்குக் காசு பார்ப்பதாக ஒருவர் விளையாட்டுக்குக்கூட நினைத்துவிடக் கூடாது என்று பட்டது. எழுந்து, தன் தறிக்காரக் குரலில், "லிங்க்கே இருக்கட்டுங்க சாமி. எங்க அன்பியத்துக்கு நான் பொறுப்புங்க" என்று சொல்லிவிட்டாள்.

தாள் வேண்டும் என்று நினைத்திருந்த மற்றத் தலைவிகளும் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரியே லிங்க் என்கிறபோது அவர்கள் என்ன சொல்வது?

இளைஞர் அணிப் பையன்கள் அந்தப் பக்கத்தை அழகாகத்தான் செய்தார்கள். மேலே மெழுகுவத்திப் படம். ஒரே குடும்பம் இரண்டு முறை அனுப்பிப் பேர் இரட்டிப்பாகிவிடக் கூடாது என்பதற்காக, ஒருவர் ஒரு முறைதான் அனுப்ப முடியும் என்று வைத்தார்கள். தப்பாகத் தட்டிவிட்டால் திருத்திக்கொள்ளலாம் என்றும் வைத்தார்கள். இரண்டுமே நல்லதற்கென்று செய்தவை. மற்ற அன்பியங்களில் வீட்டுக்கு ஒரு காலேஜ் பிள்ளை இருந்தது, அவரவர் போனில் அவரவர் அனுப்பினார்கள்.

மார்த்தா அன்பியத்தில் லிங்க்கைப் பார்த்தவர்கள் எல்லோரும் ரெபேக்காவைப் பார்த்தார்கள். "நீங்களே போட்டுருங் அம்மணி, எங்களுக்கு அதெல்லாம் எங்கீங்க வருது" என்றார்கள். அவள் தன் போனை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினாள்.

முதலில் ஜோவிதா வீடு. ஜோவிதாவின் கணவர் முந்தின வருடம் சர்க்கரை முற்றி இறந்திருந்தார். ஜோவிதா தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து பேர் சொன்னாள். ரெபேக்கா ஒற்றை விரலால் தட்டினாள். "கால் எழுத்து சரியா விழுந்துச்சுங்களாக்கா" என்று ஜோவிதா எட்டிப் பார்த்தாள். அனுப்பு என்ற பொத்தானை அழுத்தியதும், உங்கள் பதில் பதிவாகிவிட்டது என்று வந்தது. இரண்டு பேரும் அதைச் சேர்ந்து படித்தார்கள்.

அடுத்த வீட்டில் லிங்க்கைத் திறந்தபோது, நீங்கள் ஏற்கெனவே பதிலளித்துவிட்டீர்கள் என்று காட்டியது. கட்டங்களைக் காணோம். கீழே, பதிலைத் திருத்து என்று மட்டும் இருந்தது. வேறு வழி தெரியாமல் அவள் அதைத் தொட்டாள். பக்கம் திறந்தது. ஜோவிதா கணவரின் பேர் அதில் அப்படியே இருந்தது.

அந்த இடத்தில் ரெபேக்காவுக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. அவளுக்குப் பழக்கமான காட்சிதான் அது. மூடியைத் தூக்கினால் கண்ணாடி மேல் முந்தின ஆளுடைய தாள் இருக்கும். அதை எடுத்துவிட்டு அடுத்த தாளை வைக்க வேண்டும். முந்தின நகல்தான் ஏற்கெனவே வெளியே வந்து விழுந்துவிட்டதே. இங்கே அது கோவில் அலுவலகத்தில் போய் விழுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அவள் ஜோவிதா கணவரின் பேரை அழித்துவிட்டு இந்த வீட்டுப் பேரைத் தட்டினாள். பதிவாகிவிட்டது என்று மறுபடியும் வந்தது. அழித்தது என்ற எண்ணமே அவளுக்கு இல்லை.

அப்படியே தெருத் தெருவாகப் போனாள். கண் தெரியாத ஒரு பெரியவர் தன் மனைவி, இரண்டு தம்பிகள், பிறந்த அன்றே இறந்த பேத்தி என்று சொல்லிக்கொண்டே போனார். எல்லாவற்றையும் ஒரே கட்டத்துக்குள் வரிசையாகப் போட்டாள். ஒரு வீட்டில் காபி, ஒரு வீட்டில் அழுகை. தாளில் குறித்துக்கொள்ளவில்லை. தாளே வேண்டாம் என்பதற்குத்தானே இந்த ஏற்பாடு.

கடைசியில் தன் வீடு. தலைவியாக இருப்பவள் தன் வீட்டுப் பேரை முதலில் போட்டுக்கொள்வது அவளுக்கு எந்த வருடமும் பழக்கமில்லை. பந்தியில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத் தான் உட்காருகிற மாதிரி, ஞானமுத்துவின் பேரைக்கூட அவள் தாளின் கடைசி வரியில்தான் எழுதுவாள். இந்த முறையும் அப்படித்தான். நாற்காலியில் உட்கார்ந்து முந்தின வீட்டுப் பேரை அழித்தாள். ஞானமுத்து என்று தட்டப் போனவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். அவர் பேர் இத்தனை வருடம் வாசிக்கப்பட்டுவிட்டது. இது பிள்ளைக்கு முதல் வருடம், அவனுக்கென்று இருக்கட்டும். மெல்வின் என்று மட்டும் போட்டாள். இறந்த நாள் என்ற கட்டம் நாட்காட்டியாக விரிந்தது. மார்ச் மாதம் வரும்வரை பின்னால் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாதமாகத் தள்ளினாள். அனுப்பினாள்.

நவம்பர் இரண்டாம் தேதி மத்தியானம் தூறல் விழுந்து நின்றது. கல்லறைத் தோட்டத்தில் புதுச் சுண்ணாம்பும் செண்டுமல்லியும் மெழுகும் கலந்த வாசம். சனங்கள் அவரவர் கல்லறைக்குப் பக்கத்தில் தலைப்பைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். மெல்வினுக்கு இன்னும் கல் கட்டவில்லை. மண்மேட்டின் மேல் ரெபேக்கா ரோஜா இதழ்களைப் பரப்பியிருந்தாள். அவளைச் சுற்றிலும் மார்த்தா அன்பியத்துக்காரர்கள்தான். ஜோவிதா இரண்டு வரிசை தள்ளி நின்றாள். அவளுடைய மகள் நாமக்கல்லிலிருந்து வந்திருந்தாள்.

சாமியார் வாசிக்க ஆரம்பித்தார். அந்தோணியார் அன்பியத்துக்கு நாற்பது பெயர்களுக்கு மேல் வந்தன. குழந்தை தெரேசா அன்பியமும் அதேபோல நீண்டது. பிறகு தாளைத் திருப்பி, "புனித மார்த்தா அன்பியம்" என்றார். சுற்றி நின்றவர்கள் நிமிர்ந்தார்கள். கண் தெரியாத பெரியவரின் தோளை யாரோ தொட்டு, நம்முடையது வந்துவிட்டது என்று சொன்னார்கள்.

"மெல்வின்" என்றார் சாமியார். கொஞ்சம் நிறுத்தினார். "புனித செபஸ்தியார் அன்பியம்."

ரெபேக்கா சிலுவை போடத் தூக்கிய கை நெற்றியிலேயே நின்றது. பக்கம் மாறியிருக்கும், அடுத்த தாளில் மீதி வரும் என்று நினைத்தாள். செபஸ்தியார் அன்பியம் முடிந்து, சூசையப்பர் அன்பியம் முடிந்து, பெயர்கள் எல்லாம் முடிந்து, பாட்டும் தொடங்கிவிட்டது. கண் தெரியாத பெரியவர், "நம்மளுது படிச்சாச்சா? நாங் கவனிக்கலியே" என்று பக்கத்தில் கேட்டார். ஜோவிதாவின் மகள் திரும்பி ரெபேக்காவைப் பார்த்தாள். ஜோவிதா பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த மெழுகுவத்தி ஒழுகி விரலில் விழுந்துகொண்டிருந்தது.

மகன் பேர் அந்த மைக்கில் ஒலிக்க வேண்டும் என்று ஒரு மாதமாகக் காத்திருந்தவளுக்கு, அது காதில் விழுந்ததா என்றே பிறகு நினைவில்லை.

பூசை முடிந்ததும் சாமியாரிடம் போனாள். தம்பிதுரை தாளை நீட்டினார். காலையில் அச்செடுக்கும்போதே பார்த்ததாகவும், மற்றவர்கள் நேராகச் சாமியாரிடமே பேர் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துவிட்டதாகவும் சொன்னார். வாசலுக்கு வெளியே பைக்கில் காத்திருந்த ஜாவித்தை ரெபேக்கா கூப்பிட்டாள். நண்பனின் மண்மேட்டுக்குப் பூ வைக்க அவனும் வந்திருந்தான். அவளுடைய போனை வாங்கி, முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்து, பையன்களிடம் ஏதோ கேட்டான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"எல்லாம் ஒரே பதில்தாங்கம்மா. நீங்க ஒவ்வொரு வாட்டியும் அதே தாள்லதான் அழிச்சு எழுதிருக்கீங்க. கடைசியா எழுதினது மட்டுந்தான் நிக்கும்."

"முன்னாடி அனுப்பிச்சதெல்லாம் எங்க கண்ணு போச்சு?"

"எங்கயும் போகலீங்கம்மா. இல்லவே இல்லீங்க."

சாமியார் நல்லவர். தப்பு தங்களுடையதுதான் என்றார். வரும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லாப் பெயர்களையும் வாசித்துவிடுவோம் என்றார். அப்படியே வாசிக்கவும் செய்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் திருநாள் ஆகாது. நாமக்கல் பெண் திரும்பிப் போயிருந்தாள். கண் தெரியாத பெரியவருக்குக் கோவிலுக்கு வர முடியவில்லை.

யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால் ரெபேக்காவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அந்தத் தெருக்காரர்களுக்குத் திட்ட வராது. பரவாயில்லைங்க, வுடுங்க, போச்சாதுங்க என்றார்கள். சிரித்த முகமாகத்தான் சொன்னார்கள். ஆனால் மாதக் கூட்டத்துக்கு ஆட்கள் குறைந்தார்கள். தெருவைத் தாண்டிப்போய் வேறு கடையில் நகல் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் அவள் கடை வாசலில் தாளைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தார்கள். ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பெண்கள் பேசியது காதில் விழுந்தது. அவங்க பையன் பேரு மட்டும் கணீர்னு வந்துச்சு பாத்தியா என்று ஒருத்தி கேட்டாள். பெத்த வயிறு, பாவம், என்றாள் மற்றவள். அந்தப் பாவத்தைத்தான் ரெபேக்காவால் தாங்க முடியவில்லை. மன்னித்துவிட்டார்கள் என்பதே, வேண்டுமென்று செய்ததாக நம்பிவிட்டார்கள் என்பதற்கு அடையாளம்.

சொல்லிப் புரியவைக்கலாம் என்று முயன்றாள். சொல்லச் சொல்ல அது இன்னும் மோசமாக ஒலித்தது. திருத்து என்று வந்தது, அதைத் தொட்டேன், முந்தின பேரை அழித்தேன். இதில் எந்த வாக்கியத்தைச் சொன்னாலும் குற்றத்தை ஒத்துக்கொள்கிற மாதிரிதான் இருந்தது. கடைசியாக அழிக்காமல் விட்டது யார் பேர் என்ற கேள்விக்கு ஒரு பதில்தான் உண்டு. தன் வீட்டை எப்போதும் கடைசியில்தான் போடுவேன் என்பதை அவளே எப்படி எடுத்துச் சொல்வாள்?

ஒரு நாள் ஜோவிதா ரேஷன் கார்டு நகலுக்காகக் கடைக்கு வந்தாள். வேறு கடைக்குப் போகாத மிகச் சிலரில் அவள் ஒருத்தி. ரெபேக்கா மெஷின் மூடியைத் தூக்கி, கார்டை வைத்து, நகல் எடுத்து, வந்து விழுந்த நகலைத் தட்டிலேயே விட்டாள். கார்டை எடுத்துவிட்டு வேறொரு தாளை வைத்துப் பொத்தானைத் தட்டினாள்.

"பாரு ஜோவிதா. மேல இருக்கறதத்தான் எடுத்தேன். உன்ற நகலு இங்க கெடக்குது பாரு. அதெங்கியும் போகல. அதுலயும் இப்படித்தான்னு நெனச்சுப்போட்டேன் கண்ணு. வேறொண்ணுமில்ல."

ஜோவிதா தட்டில் கிடந்த இரண்டு நகல்களையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. "வுடுங்க்கா. அவரு பேரு தேவனுக்குத் தெரியாதுங்களா" என்றாள். தன் நகலை மட்டும் எடுத்து மடித்துக்கொண்டு போனாள்.

அன்றைக்கு ரெபேக்கா கம்ப்யூட்டரின் போர்வையைத் தூக்கிப் பார்த்தாள். விசைப்பலகையில் மெல்வின் விரல் பட்டுப்பட்டு எழுத்து அழிந்த பொத்தான்கள் இருந்தன. அவன் இருந்திருந்தால் லிங்க்கைப் பார்த்த மாத்திரத்தில், அம்மா இது உன் டிபார்ட்மெண்ட் இல்லை என்று போனைப் பிடுங்கியிருப்பான். அவன் இருந்திருந்தால் கடைசியில் அந்தப் பேரும் இருந்திருக்காது. போர்வையைப் பழையபடியே இழுத்து மூடினாள்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்கும் முன் தலைவிப் பொறுப்பை விட்டுவிட்டாள். முடியலைங்க, முழங்கால் வலிக்குது என்றாள். யாரும் வற்புறுத்தவில்லை. ஜோவிதாவைத் தலைவியாக்கினார்கள்.

மறு அக்டோபரில் பேரவை மறுபடியும் கூடியது. இந்த முறை விவாதம் அதிகமில்லை. இளைஞர் அணி லிங்க்கில் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று மாற்றியிருந்தது. வேண்டியவர்கள் தாளிலும் கொடுக்கலாம் என்று முடிவானது. மார்த்தா அன்பியம் தாள் என்றது. இன்னாசிமுத்து எந்த விளையாட்டுப் பேச்சும் பேசவில்லை.

ஜோவிதா தம்பிதுரையிடமிருந்து படிவத்தை வாங்கிக்கொண்டு நகல் எடுக்க ரெபேக்காவிடமே வந்தாள். வீடு வீடாகப் போய் எழுதி வாங்கிய பிறகும், கையில் ஒரு பிரதி இருக்கட்டும் என்று அந்தத் தாள்களோடு மறுபடியும் வந்தாள். ரெபேக்கா ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேல் வைத்தாள். வைப்பதற்கு முன் ஒவ்வொரு தாளையும் படித்தாள். ஜோவிதாவின் கணவர். கண் தெரியாத பெரியவரின் மனைவி, இரண்டு தம்பிகள், பேரில்லாத பேத்தி. இந்த முறை அந்தப் பெரியவரின் பேரும் பட்டியலில் இருந்தது. அவர் ஆவணியில் இறந்திருந்தார். தன் வீட்டுப் பெயர்கள் வாசிக்கப்படுவதை மறுபடி கேட்க அவருக்கு வாய்க்கவில்லை. ஒரு வருடமாக மெதுவாகிவிட்டிருந்த குரலில் ரெபேக்கா அந்தப் பேரை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

நகல்கள் எல்லாம் விழுந்து முடிந்தன. ஜோவிதா அடுக்கித் தட்டி ஒழுங்கு செய்தாள். எழுதி வாங்கிய தாள்களில் கடைசியில் அடியில் இரண்டு வரிகள் காலியாக இருந்தன. பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள்.

"உங்க ஊடுதான்க்கா பாக்கி. எழுதுங்க."

ரெபேக்கா பேனாவை வாங்கி, கட்டத்துக்குள் ஞானமுத்து என்று எழுதினாள். மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"மெல்வின் பேரு?"

"அவனுக்குத்தான் போன வருசமே படிச்சாச்சே கண்ணு" என்றாள் ரெபேக்கா.

அப்போது நஞ்சுண்டன் கையில் ஏதோ தாளோடு வாசலில் வந்து நின்று, ஏனுங்க அம்மணி என்றார். ரெபேக்கா அவர் பக்கம் திரும்பி மூடியைத் தூக்கினாள். ஜோவிதா பேனாவின் மூடியைக் கழற்றினாள். தாளில் அந்த வரிக்குக் கீழே இன்னொரு பேருக்கு இடமிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு, ரெபேக்காவின் முதுகையும் பார்த்துக்கொண்டு, எழுதலாமா கூடாதா என்று தெரியாமல் வெகுநேரம் அப்படியே நின்றாள்.